மரக்குதிரையும் மனிதத் தடையும்

கேளிக்கை என்றதும் முகம் சுளிப்போர் நாட்டிலே இரு சாரார் உண்டு. ஒரு சாரார், உடல் பொய், உலகம் மாயை, இதிலே உல்லாசம் எதற்கு என்று உபதேசம் செய்துவிட்டு, வடை பாயசத்துடன் விருந்துண்ணச் செல்பவர். அவர்களை விட்டுவிடுவோம், விருந்து ஆறிப்போகும். மற்றொரு சாரார் நம்மவர். நாட்டிலே குறைகள் குன்றென வளர்ந்து கிடக்க, ராட்டினம் ஏறிச் சுற்றிவர நேரம் ஏது என்று கடிந்துரைக்கும் கடமை வீரர். அவர்களோடுதான் இன்று நமக்குப் பேச்சு. ராட்டினம் ஏறுவது சிறுபிள்ளை விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம், தோழர்களே! ஆனால், நீ ஏறு, அவன் ஏறக்கூடாது என்று ஒருவன் வாயிலிலே நின்று விரல் நீட்டுகிறானே, அந்தச் செயலும் விளையாட்டாகுமா? ஏறியவனுக்குச் சில நிமிட மகிழ்ச்சி. தடுக்கப்பட்டவனுக்கோ ஆயுள் முழுதும் ஆறாத வடு. அமெரிக்க நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களின் கதையைப் பொழுதுபோக்காகத்தான் படிக்கப் புகுந்தோம். பொழுது போகவில்லை; தூக்கம் போயிற்று.

கேளிக்கைப் பூங்கா என்றால், நம்மூர்ப் பொருட்காட்சியின் மூலையிலே நாலு ராட்டினம் நிற்குமே, அதை எண்ணிக்கொள்ள வேண்டாம். ஓர் ஊரளவு பரந்த இடம். அதற்குள்ளே கோட்டை, ஆறு, கப்பல், காடு, மலை, இரயில் வண்டி. அத்தனையும் மனிதன் கட்டியவை, மனிதன் களிப்பதற்காகவே கட்டியவை. வால்ட் டிஸ்னி என்பார், கலிபோர்னியா மாநிலத்து அனஹெய்ம் நகரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, 1954-இல் வேலையைத் தொடங்கி, ஓராண்டுக்குள் முடித்து, 1955 ஜூலை 17-ஆம் நாள் டிஸ்னிலாந்தைத் திறந்து வைத்தார். செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர். தம் பெண்மக்கள் இருவரும் குடைராட்டினத்தில் சுற்றிக் களிக்க, தாம் மட்டும் பலகையிலே சும்மா உட்கார்ந்திருக்க நேர்ந்ததாம். பெற்றவரும் பிள்ளைகளும் ஒன்றாய்க் களிக்க ஓர் இடம் இல்லையே என்ற ஏக்கம் அந்தப் பலகையிலேதான் பிறந்தது என்று அவர் கூறிவந்தார். நல்ல ஏக்கம், பாராட்டுவோம். திறப்பு நாளிலே நடந்தது அதைவிடச் சுவை. போலிச் சீட்டுடன் ஆயிரக்கணக்கானோர் புகுந்துவிட்டனர். புதிதாய் இட்ட தார் கோடை வெயிலிலே இளகி, சீமாட்டிகளின் குதியுயர்ந்த செருப்பைக் கவ்விக்கொண்டது. குழாய் வேலை செய்வோர் வேலைநிறுத்தம் செய்திருந்தபடியால் குடிநீர்க் குழாய்கள் பல வறண்டு கிடந்தன. கனவுலகமே கட்டினாலும் குழாய் மாட்டத் தொழிலாளி வேண்டுமல்லவா!

அந்த டிஸ்னியின் தந்தையாரும் ஒரு தொழிலாளிதான். 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியிலே கட்டட வேலை பார்த்தவர். சிகாகோ 1893 என்றதும் நம் நாட்டார்க்கு ஒரு சமயச் சொற்பொழிவுதான் நினைவுக்கு வரும். அதே கண்காட்சியிலே ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்துக்கு ஓர் இரும்பு ராட்டினத்தை நிமிர்த்தி நிறுத்தினார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேராக ஒரே நேரத்தில் 2,160 பேரை வானுக்குத் தூக்கி, பத்திரமாய்த் தரைக்குக் கொண்டுவந்தார். சொற்பொழிவை நூறாண்டுக்கு மேலாய்ப் பாராயணம் செய்கிறோம். சக்கரத்தைச் செய்தவன் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது டென்மார்க்கிலே உண்டு. தலைநகர் கோபன்ஹேகனிலே 1843 ஆகஸ்டு 15-ஆம் நாள் திறக்கப்பட்ட டிவோலிப் பூங்கா. அதை அமைத்த கார்ஸ்டென்சன் மன்னர் எட்டாம் கிறிஸ்டியனிடம் அனுமதி வேண்டியபோது, மக்கள் களித்துக்கொண்டிருக்கும்போது அரசியலை எண்ணமாட்டார்கள் என்று எடுத்துரைத்தார் என்பர். மன்னர் மகிழ்ந்தார், அனுமதி கிடைத்தது. மகிழாமல் என்ன செய்வார்! மக்களை மயக்க மணியோசையும் வாணவேடிக்கையும் போதும் என்பது எந்த நாட்டு அரண்மனைக்கும் தெரிந்த வித்தைதானே. ஆனால், அதே டிவோலிக்கு நூறாண்டு கழித்து நேர்ந்ததைக் கேளுங்கள். இட்லரின் படை டென்மார்க்கை மிதித்துக்கொண்டிருந்த 1944-இல், நாஜிகளின் டேனிஷ் கையாட்கள் அந்தப் பூங்காவைக் கொளுத்தினர். அடிமைப்பட்ட மக்களின் நெஞ்சுறுதியைக் குலைக்க வேண்டுமாம். அதற்கு அவர்கள் தேர்ந்த இலக்கு, கோட்டையன்று, கொத்தளமன்று, குழந்தைகள் ஆடிய பூங்கா! சில வாரங்களிலே மக்கள் அதை மீண்டும் திறந்துவிட்டனர். அரசியலை மறக்கச் செய்வதற்கென்று நட்ட செடியே அரசியலாகப் பூத்தது. ஆகவே, கேளிக்கை மக்களை மயக்கும் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதிவிட நம்மால் இயலவில்லை.

இயலாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பூங்காக்களிலே ஓடும் மலைரயில் இருக்கிறதே, அதைப்போல் பகுத்தறிவின் பெருமையைப் பறைசாற்றும் விளையாட்டுப் பிறிதொன்று இல்லை. நியூயார்க்கை அடுத்த கோனித் தீவிலே 1884-இல் தாம்சன் என்பார் 600 அடி நீளத் தண்டவாளம் போட்டு, 5 சென்ட் கட்டணத்தில் வண்டி விட்டார். மணிக்கு 6 மைல் வேகம். மாட்டு வண்டியோடு போட்டியிடலாம். அவர் ஞாயிறு பள்ளியிலே மறைபோதித்தவர். சாராயக் கடையிலிருந்து இளைஞரை மீட்க எண்ணியே இதை அமைத்தாராம். ஆனால் வண்டியை ஓட்டியது மறையன்று, ஈர்ப்பு விசை! பின்வந்த மலைரயில்களிலே சங்கிலி ஒன்று வண்டியை உச்சிக்கு இழுத்துவிடும். அதோடு எந்திரத்தின் வேலை முடிந்தது. பின்னர் விழுவதும் எழுவதும் வளைவதும் நெளிவதும் உச்சியிலே சேர்த்துவைத்த ஆற்றலின் செலவே. வண்டி தலைகீழாய்ச் சுற்றிவர வேண்டும் என்று 1895-இல் அதே தீவிலே ஆசைப்பட்டார்கள். முழுவட்டமாக வளைத்தார்கள். ஏறியவர்களின் கழுத்து வலித்தது. ஏன்? வட்டத்தின் அடியிலே நுழையும்போதுதான் வேகம் மிகுதி. அங்கேயே வளைவும் திடீரெனத் தொடங்கினால் உடல் தன் எடையைப்போல் பன்மடங்கு எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. வட்டம் புனிதமானது, முன்னோர் போட்டது, மாற்றக்கூடாது என்று எவரும் வாதிடவில்லை. அடியிலே அகன்றும் உச்சியிலே குறுகியும் கண்ணீர்த்துளி வடிவிலே வளைக்க வேண்டும் என்று கணக்கிட்டார் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர், 1976-இல் கலிபோர்னியாவிலே அப்படி ஒன்று ஓடத் தொடங்கியது, கழுத்து தப்பியது. வலி கண்டால் வடிவத்தை மாற்று என்ற இந்த எளிய துணிவு, மண்டபம் கட்டி வழிபடத்தக்க துணிவு என்போம், வழிபாட்டில் நமக்கு நம்பிக்கை இருந்தால்!

சரி, இனி வாயிலுக்கு வருவோம்.

இவ்வளவு அறிவோடு கட்டிய பூங்காக்களின் வாயிலிலே அறிவு கழன்று விழுந்தது. எல்லா வயதினர்க்கும் என்று எழுதிய பலகைக்குக் கீழே, எல்லா நிறத்தினர்க்கும் அன்று என்ற எழுதாத பலகை ஒன்று தொங்கியது. சில இடங்களிலே எழுதியே தொங்கவிட்டனர். அந்நாட்டுத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து பத்து மைலுக்கு உட்பட்ட தொலைவிலே, பொடோமக் ஆற்றங்கரையிலே, மேரிலாந்து மாநிலத்துக் கிளென் எக்கோ என்ற சிற்றூரிலே ஒரு பூங்கா. 1891-இல் மக்களுக்கு அறிவு புகட்டும் சொற்பொழிவுக் கூடமாய்ப் பிறந்த இடம்; 1911 முதல் கேளிக்கைப் பூங்கா. டிராம் வண்டி நகரிலிருந்து நேரே வாயிலுக்கு வரும். ராட்டினம், மலைரயில், நீச்சற்குளம், நடனக்கூடம் எல்லாம் உண்டு. கருப்பின மக்களுக்கு மட்டும் இடம் இல்லை. விடுதலைப் பிரகடனத்தை ஓதும் நாட்டின் தலைநகரத்துக் குழந்தைகள், தோல் நிறம் பார்த்தே சிரிக்க அனுமதிக்கப்பட்டனர்.

1960 பிப்ரவரி முதல் நாள், வடகரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோவிலே நான்கு கருப்பின மாணவர்கள், வெள்ளையர்க்கென ஒதுக்கிய உணவுக் கடைப் பலகையிலே உட்கார்ந்து எழ மறுத்தனர். அந்தத் தீ பரவியது. வாஷிங்டனில் உள்ள ஹவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் அறவழிச் செயற்குழு ஒன்றை அமைத்துக் கொண்டனர். ஜூன் 30-ஆம் நாள் கிளென் எக்கோவுக்குச் சென்றனர். வெள்ளை நண்பர்கள் சீட்டு வாங்கித் தந்தனர். மாணவர்கள் உள்ளே நடந்தனர், குடைராட்டினத்தில் ஏறினர், ஆளுக்கொரு மர விலங்கின்மேல் அமர்ந்தனர்.

ராட்டினம் சுழலவில்லை. நிறுத்திவிட்டார்கள்.

காவற்காரர் வந்தார். அவருக்கும் மார்வஸ் சாண்டர்ஸ் என்ற மாணவருக்கும் நடந்த உரையாடல் ஒலிநாடாவிலே பதிவாகியிருக்கிறது. உன் இனம் எது என்று கேட்கிறார் காவற்காரர். மனித இனம் என்கிறார் மாணவர். இந்தப் பூங்காவிலே இனப் பிரிவினை உண்டு என்கிறார் அவர். எனக்குப் புரியவில்லையே என்கிறார் இவர். வெள்ளையர்க்கு மட்டுமே என்று விளக்க வேண்டியதாயிற்று. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஆண்டுக்கணக்கில் வாய்பேசாமல் நடந்துவந்த அக்கிரமத்தை, வாய்திறந்து, சொல்லாக்கி, வெட்டவெளியிலே உரைக்கும்படி செய்துவிட்டார் அந்த இளைஞர். பாதி வெற்றி அங்கேயே கிடைத்துவிட்டது. அக்கிரமம் மௌனத்தில்தான் மிடுக்காக இருக்கும். பேச வைத்தால் உளறும்.

ஐவர் கைது செய்யப்பட்டனர். அவர்களிலே ஒருவர் குவெண்டலின் கிரீன் என்ற மாணவி. பிற்காலத்தில் அதே மேரிலாந்தின் சட்டமன்ற மேலவையிலே உறுப்பினராய் அமர்ந்தவர். குற்றம் என்ன? அத்துமீறி நுழைந்தது! ஒரு மரக்குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்த குற்றம் படிப்படியாய் ஏறி, நான்கு ஆண்டுகள் நடந்து, 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் போய் நின்றது. நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. பூங்காவிடம் ஊதியம் பெற்ற அந்தக் காவற்காரர், மாவட்டக் காவல் அதிகாரியின் துணைவர் என்ற பதவியும் பெற்று, அரசின் சின்னம் அணிந்திருந்தார். ஆகவே, அவர் விரட்டியது தனியார் விரட்டியதாகாது, அரசே விரட்டியதாகும் என்பது தீர்ப்பு. எம் இடம், எம் விருப்பம் என்று சொல்லிக்கொள்ளும் எந்த வாயிலுக்குப் பின்னாலும் அரசின் தடியொன்று நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நமக்கும் வேண்டும்.

வழக்கு ஒரு பக்கம் நடக்க, வாயிலிலே மறியல் நடந்தது. கோடை முழுதும், பதினொரு வாரங்கள். பக்கத்துக் குடியிருப்பான பானக்பர்னில் வாழ்ந்த வெள்ளையர், அவர்களிலே யூதர் பலர், தட்டி தூக்கிய மாணவரோடு தோளுரசி நடந்தனர். எதிர்ப்புறத்தில் அமெரிக்க நாஜிக் கட்சியினர் கொடிபிடித்து நின்றனர். கோபன்ஹேகனில் பூங்காவைக் கொளுத்திய கூட்டத்துக்கு அடுத்த தலைமுறை, அமெரிக்காவிலே பூங்காவின் வாயிலைக் காத்தது! 1961-ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கும்போது பூங்கா அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது.

அந்தக் குடைராட்டினத்தை நாம் கண்ணால் கண்டோம், ஏறியும் சுற்றினோம். நம் மகள் மேரிலாந்திலே பணிபுரிகிறாள். சென்ற கோடையில் அவள் வீட்டிலே தங்கியிருந்தபோது, பேத்தியுடன் ஒரு ஞாயிறன்று சென்றோம். பிலடெல்பியாவில் டென்ட்செல் நிறுவனம் 1921-இல் செய்தது. 40 குதிரை, 4 முயல், 4 தீக்கோழி, ஒரு சிங்கம், ஒரு புலி, ஒரு மான், ஓர் ஒட்டகச்சிவிங்கி. நடுவிலே காற்றை ஊதித் தானே இசைக்கும் பெரிய இசைப்பெட்டி. 1968-இல் கேளிக்கைப் பூங்கா மூடப்பட்டது. இந்த ராட்டினத்தை வேறெங்கோ விற்றுவிட்டார்கள் என்று கேட்டதும், அக்கம்பக்கத்தார் 80,000 டாலர் திரட்டி 1970-இல் அதைத் திரும்ப வாங்கினர். அடுத்த ஆண்டு இடம் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. இப்போது பூங்காவுக்குள் நுழையக் கட்டணமில்லை. ராட்டினத்துக்கு மட்டும் சிறு தொகை. பேத்தி முயலைப் பிடித்துக்கொண்டாள். நாம் வெளியே நிற்பதாகச் சொன்னோம். மகள் விடவில்லை. "ஏறுங்கப்பா, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவள் வேடிக்கையாகச் சொன்ன சொல். நமக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. நம் சிறுவயதில், ஆண்டுக்கொரு முறை ஊர்த் திருவிழாவுக்குக் கைராட்டினம் ஒன்று வரும். எட்டு மரக்குதிரை, இரண்டு ஆள் கையால் தள்ளுவார்கள். தேரடித் திடலிலே நிறுத்துவார்கள். நாம் சேரிப் பிள்ளைகள். திடலுக்கு இப்பால், புளியமரத்தடியிலே நின்று எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டிருப்போம். ஓராண்டு நம் கையிலே ஐந்து காசு இருந்தது. ராட்டினக்காரர் வேற்றூர்க்காரர், அவருக்குக் காசு தெரியும், சாதி தெரியாது. வா தம்பி என்று கையசைத்தார். நாம் இரண்டடி எடுத்து வைப்பதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரிடம் சென்று தாழ்ந்த குரலிலே ஏதோ சொன்னார். அடித்தாரில்லை, திட்டினாரில்லை. அதுகள் ஏறிய குதிரையிலே மற்றப் பிள்ளைகள் ஏறா, உமக்குத்தான் நட்டம் என்று வணிக அறிவுரை வழங்கினாராம், பிறகு தெரிந்தது. ராட்டினக்காரரின் கை இறங்கிவிட்டது. அந்த ஐந்து காசை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அம்மா உப்பு வாங்கினார்.

கிளென் எக்கோவின் கதையைப் படித்தபோது நம்மைத் திடுக்கிடச் செய்தது காவற்காரரின் கேள்வியன்று. அந்நாட்டுப் பூங்கா முதலாளிகள் அனைவரும் ஒரே குரலில் சொல்லிவந்த சமாதானம்தான். எங்களுக்கு வெறுப்பில்லை, ஆனால் இவர்களை விட்டால் வழக்கமாய் வருபவர்கள் வரமாட்டார்கள், வணிகம் கெடும்! கடல் வேறு, கண்டம் வேறு, நிறம் வேறு, சாதி வேறு; சமாதானம் மட்டும் சொல்லுக்குச் சொல் ஒன்று. கொடுமை செய்பவன் எங்குமே இருப்பதில்லை போலும். எல்லாரும் கணக்குப் பார்ப்பவரே! கருப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இந்தக் குடைராட்டினத்தையே பொருளாக்கிக் கவிதை ஒன்று எழுதியிருக்கிறார். பேருந்திலே பின்னிருக்கை ஒதுக்கலாம், இரயிலிலே தனிப்பெட்டி ஒதுக்கலாம். சுழன்று வரும் வட்டத்திலே முன் எது, பின் எது என்று எந்த அறிஞன் பிரிப்பான்! அதனால்தான் முழுவதுமாய்த் தடுத்தார்கள் போலும்.

தடுக்க முடியாமற்போன இடத்திலே என்ன செய்தார்கள் தெரியுமா? அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரிலே, பொதுப் பூங்காக்களை எல்லார்க்கும் திறக்க வேண்டும் என்று கருப்பின மக்கள் வழக்குத் தொடுத்தனர். நகராட்சியார் திறக்கவில்லை, 1959-ஆம் ஆண்டு பிறந்ததும் நகரின் பூங்காக்கள் அனைத்தையும் இழுத்துப் பூட்டினர்! நீச்சற்குளத்தை மண்கொட்டி மூடினர். விலங்குக் காட்சிசாலையின் விலங்குகளை விற்றனர். கருப்புக் குழந்தை நீந்தக்கூடாது என்பதற்காக வெள்ளைக் குழந்தையின் குளத்தையும் தூர்த்த மேதைகள்! 1965-இல்தான் பூட்டுத் திறந்தது. ஆறாண்டுக் காலம் அந்நகரத்து வெள்ளைச் சிறுவர்கள், தம் மேன்மையை மட்டும் வைத்துக்கொண்டு வெயிலில் காய்ந்தனர்.

கடமை வீரர்களே, உங்களுக்கென்று ஒன்று சொல்வோம். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து ஒரு மடல் எழுதினார். பொறுத்திருங்கள், காலம் கனியும் என்று அறிவுரைத்த வெள்ளைப் பாதிரிமார்க்கு மறுமொழி. பொறுக்க முடியாமைக்குக் காரணங்களை அடுக்கி வருகிறார். கொலை வருகிறது, காவலரின் அடி வருகிறது, வறுமை வருகிறது. அவற்றின் நடுவிலே, ஒரு கேளிக்கைப் பூங்காவும் வருகிறது. ஃபன்டவுன் என்ற பூங்காவைத் தொலைக்காட்சி விளம்பரத்திலே பார்த்துவிட்டு, ஏன் போகக்கூடாது என்று கேட்கும் ஆறு வயது மகளிடம், அது கருப்புக் குழந்தைகளுக்கு மூடிய இடம் என்று சொல்ல நா எழாமல் தவிக்கும் தந்தையின் நிலையை அந்த வரிசையிலே வைக்கிறார். கொலையோடு ராட்டினத்தை ஒரே மூச்சில் சொல்லலாமா என்று அவர் தயங்கவில்லை. இரண்டும் ஒரே மரத்தின் கனி என்று அறிந்தவர்.

அதே ஆண்டு ஜூலை 4, அமெரிக்கர் விடுதலைத் திருநாள். பால்டிமோர் நகரை அடுத்த குவின் ஓக் பூங்காவின் வாயிலிலே 280 பேருக்கு மேல் கைதாயினர். அவர்களிலே கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டினர், யூதர் ஆகிய முச்சமயக் குருமாரும் இருந்தனர். அதையும் சொல்லத்தான் வேண்டும். பிடிக்காதவன் செய்த நற்செயலை மறைப்பது பகுத்தறிவாகாது. ஆகஸ்டு 28-இல் அந்தப் பூங்கா திறந்துவிட்டது. வாஷிங்டனிலே இரண்டரை லட்சம் பேர் திரண்டு, கிங்கின் முழக்கம் கேட்ட அதே நாள்! அன்று குவின் ஓக்கின் குடைராட்டினத்திலே முதன்முதலாய் ஏறிய கருப்பினக் குழந்தைக்கு வயது ஒன்றுகூட நிறையவில்லை. தந்தை பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டார். அந்த ராட்டினம் பின்னர் 1981-இல் வாஷிங்டன் பெருந்திடலுக்கே கொண்டுவரப்பட்டது. 1964 ஜூலை 2-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. உணவகம், விடுதி, கேளிக்கை இடம் எதிலும் நிறம் பார்த்துத் தடுக்கலாகாது என்று விதித்தது.

எழுதாத பலகை இறங்கிற்று. எழுதிய பலகை ஏறிற்று: விலைப்பலகை.

1955-இல் டிஸ்னிலாந்து வாயிலில் பெரியவர்க்குக் கட்டணம் ஒரு டாலர். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் காசு என்பதையும் மறவாமல் சொல்லிவிடுகிறோம். அப்போது அந்நாட்டு நடுவண் அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாய் உழைத்தால் வாயிலைக் கடக்கலாம். இன்று ஒருநாள் நுழைவு நூறு டாலருக்கு மேல். நடுவண் அரசின் குறைந்தபட்சக் கூலியோ, 2009-இல் 7 டாலர் 25 சென்ட் என்று வைத்தது வைத்தபடியே. ஏறத்தாழ 14 மணி நேரம் உழைக்க வேண்டும். அதுவும் ஒருவர் நுழைய. நால்வர் குடும்பத்துக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பல மாநிலங்கள் கூலியைக் கூட்டியுள்ளன என்பது உண்மை. ஆயினும், அந்த விசிப்பலகையிலே பிறந்த ஏக்கம், பெற்றவரும் பிள்ளைகளும் ஒன்றாய்க் களிக்க ஓர் இடம் என்ற அந்த ஏக்கம், யாருடைய பெற்றோர், யாருடைய பிள்ளைகள் என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவுக்கும் சென்றோம். மகள் ஈராண்டு சேமித்த காசு. அங்கே டிஸ்னி நிறுவனம் சதுப்பும் காடுமாய்க் கிடந்த 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, வேறு வேறு பெயர்களிலே ஓசையின்றி வாங்கி, 1971 அக்டோபர் முதல் நாள் பெரும்பூங்காவைத் திறந்தது. வாங்கிய டிஸ்னி அதைக் காணவில்லை, 1966-லேயே மறைந்தார். பேத்தி முதலில் இழுத்துச் சென்றது பேய் மாளிகைக்கு. நமக்கோ பேயிடம் பழைய பகை! ஆயினும் அந்தப் பேய்களை வெறுக்க முடியவில்லை. விருந்துக் கூடத்திலே ஒளி ஊடுருவும் உருவங்கள் ஆடுகின்றன, மறைகின்றன. எல்லாம் ஒரு பெரிய கண்ணாடியின் வேலை. நம் கண்ணுக்குப் படாத இடத்திலே பொம்மையை நிறுத்தி விளக்கை ஏற்றினால், கண்ணாடியிலே அதன் நிழலுரு தோன்றும். விளக்கை அணைத்தால் பேய் ஓடிப்போகும். இலண்டனிலே பெப்பர் என்ற அறிவியல் ஆசிரியர் 1862-லேயே மேடையில் காட்டிய வித்தை. இங்கே காசு வாங்குகிறவர்கள், இது பேய் என்று சத்தியம் செய்வதில்லை. வெளியே வந்த எவரும் தாயத்துக் கட்டிக்கொள்வதில்லை. பேயைப் பிழைக்கவிட வேண்டுமானால் இப்படித்தான் விட வேண்டும்.

ஆனால் அந்தப் பேயைக் காண்பதற்குமுன் நாம் நின்ற வரிசையைச் சொல்லவில்லையே. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். வரிசை என்பது நமக்குப் பிடித்த நிறுவனம். முந்தி வந்தவர் முந்திப் போவார் என்பதைவிட எளிய சமத்துவம் உலகிலே எது? பணம் எவ்வளவு இருந்தாலும் காலம் எல்லார்க்கும் ஒன்றே என்று காட்டிய இடம் அந்தப் பூங்கா வரிசை. 1999-இல் வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்துக்கு வரும் ஏற்பாட்டைச் செய்தார்கள், கட்டணமின்றி, எல்லார்க்கும். 2021-இல் அதை எடுத்துவிட்டு, மேற்கொண்டு காசு கட்டியவர்க்குத் தனி வழி என்று ஆக்கிவிட்டார்கள். நாம் நின்ற வரிசைக்குப் பக்கத்திலேயே, ஒரு கம்பித் தடுப்புக்கு அப்பால், அந்த வழி. அதிலே குடும்பங்கள் வந்தவண்ணம், போனவண்ணம் இருந்தன. நம் வரிசையிலிருந்த சிறுவர்கள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

"அவங்க மட்டும் ஏன் தாத்தா நேரா போறாங்க?" என்றாள் பேத்தி.

"தனியாக் காசு கட்டியிருக்காங்கம்மா. நம்மூர்க் கோயில்லயும் இதே மாதிரிதான். தர்ம தரிசனம்னு ஒரு வரிசை, சிறப்புத் தரிசனம்னு காசு கட்டின வரிசை."

அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள். பின்னர் கேட்டாள்:

"கோயிலுக்குள்ள என்ன ரைடு தாத்தா?"